பள்ளிக்கூடம் யாருடையது?

வில்லியனூரைப் பார்த்தவர்கள் அங்கே இரண்டு திருத்தலங்களைப் பார்த்திருப்பார்கள். ஒன்று திருக்காமீசுவரர் கோயில். அதன் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. மற்றொன்று 1877ஆம் ஆண்டில் எழுந்த லூர்து மாதா கோயில். இவ்விரண்டின் மணியோசையையும் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் என் செவியில் இன்றும் நிற்பது மூன்றாவதொரு மணி. தண்டவாளத் துண்டு ஒன்றைப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அதுவே எங்கள் பள்ளிக்கூடத்து மணி.

மாணவ நண்பர்களே, பள்ளிக்கூடம் யாருடையது என்னும் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அரசாங்கத்தின் பள்ளி என்றும், பாதிரிமார் பள்ளி என்றும், மடத்துப் பள்ளி என்றும், தேவஸ்தானப் பள்ளி என்றும் நாம் பேசுகிறோம். இவற்றுள் எது நல்லது, எது தீயது என்று பட்டிமன்றமும் நடத்துகிறோம். அப்போதெல்லாம் கட்டடம் யாருடையது, பலகையில் யார் பெயர் என்று பார்க்கிறோமேயன்றி, உள்ளே நிற்கும் ஆசிரியரின் வாழ்வு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதைப் பார்த்தாலன்றி முதற் கேள்விக்கு விடை கிடையாது என்பது என் கருத்து. நம் புதுவை நாட்டின் வரலாறே இதற்குச் சான்று பகர்கிறது.

முதலில் பாகூருக்குச் செல்வோம். பெரிய ஏரியும் மூலநாதர் கோயிலும் உடைய அவ்வூர், ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்பே கல்விக்குப் பேர் பெற்றிருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுதப்பட்ட செப்பேடுகள் அங்கே கிடைத்தன. வாகூர் என்று அக்காலத்தில் வழங்கிய அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதை அவை கூறுகின்றன. அக்கொடைக்கு வித்தியாபோகம் என்று பெயர். கல்வியின் பொருட்டு அனுபவிக்கத் தரப்பட்ட நிலம் என்பது அதன் பொருள்.

இச்செய்தியைப் படித்து நாம் பெருமைப்படுவது இயல்பே. அதனோடு இரண்டு உண்மைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அந்நாளில் கொடை கொடுத்தவர்கள் கற்பிப்போரின் உணவுக்கு வழி செய்யாமல் கல்வியைப் பற்றிப் பேசவில்லை. மூன்று ஊரின் விளைச்சலை ஒதுக்கிய பிறகே வித்தை நடந்தது. இரண்டாவது, அந்த வித்தை வேதமும் சாத்திரமும் பயின்ற சிலருக்கே உரியதாயிருந்தது. அம்மூன்று ஊர்களிலும் சேற்றில் இறங்கி நட்டவரின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை. நெல்லைக் கொடுத்தவர் பலர். எழுத்தைப் பெற்றவர் சிலர்.

பிற்காலத்தில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் நடந்தன. மணலில் எழுத்து, ஏட்டில் ஆத்திசூடி, வாயில் எண்சுவடி, கண்காணிக்கச் சட்டாம்பிள்ளை, தண்டிக்கக் கோதண்டம். இவற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திண்ணைப் பள்ளி உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் என்று திட்டமாக ஒன்றுமில்லை. அறுவடைக் காலத்தில் நெல் வரும். விடுமுறை நாளுக்கு வாவுக்காசு வரும். நவராத்திரியில் பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துச் சென்று பாடச் செய்தால் வேட்டியும் வெற்றிலை பாக்கும் சிறிது பணமும் கிடைக்கும். என் பாட்டனாரின் தந்தையார் அத்தகைய உபாத்தியாயர். மழை பொய்த்த ஆண்டில் பள்ளியும் பொய்த்துப் போகும் என்று அவர் சொல்வாராம். ஊர்ப் பெரியவர்களின் தயவில் வாழ்ந்தவர் அவர். அவர்கள் விரும்பாத பிள்ளையைத் திண்ணையில் ஏற்ற அவரால் எப்படி முடியும்?

இந்நிலையில்தான் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு புதிய கைகள் கல்வித் துறையில் நுழைந்தன. ஒன்று திருச்சபையின் கை. மற்றொன்று அரசாங்கத்தின் கை.

திருச்சபையின் பணியை நாம் நேர்மையோடு மதிப்பிட வேண்டும். செயின்ட் ஜோசப் குளூனி கன்னியர் 1827ஆம் ஆண்டிலேயே புதுச்சேரிக்கு வந்தனர். 1844ஆம் ஆண்டு புதுவைக் கல்வி வரலாற்றில் மறக்கவொண்ணாதது. ஆயர் பொன்னாந்து காலத்தில் அவ்வாண்டில் கூடிய மறைமன்றம், பள்ளிகளை நிறுவுவதைத் தன் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. பெத்தி செமினேர் பள்ளி தோன்றியதும் அவ்வாண்டே. துய்புய் என்னும் பாதிரியார், பெண் குழந்தைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்கென்றே இந்நாட்டுப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். பெண் எழுத்துக் கற்றால் குடிக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. அக்காலத்தில் தமிழ்ப் பெண்களே ஆசிரியைகளாய்ச் சிற்றூர்களுக்குச் சென்றார்கள் என்பது சிறிய செய்தி அன்று. இதே துய்புய் பாதிரியார் முசே பாதிரியாரோடு சேர்ந்து தமிழ் பிரெஞ்சு அகராதியையும் ஆக்கித் தந்தார். ஊர்த் திண்ணை ஏற்றுக்கொள்ளாத ஏழைப் பிள்ளைகள் பலருக்கு முதல் எழுத்தைக் கற்பித்தது கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடமே. இதை மறைத்துப் பேசுபவர் வரலாறு பேசுபவர் ஆகார்.

ஆனால் அப்பள்ளிகளில் பாடத்தோடு மறையும் சேர்ந்தே வந்தது. அங்கே ஆசிரியர் என்பவர் நிருவாகத்தின் மகனைப் போல, அதாவது பாசத்துக்கும் உரியவர், கட்டளைக்கும் உரியவர். அவருக்கு உரிமை என்று தனியாக ஒன்று இருக்கலாம் என்னும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை.

அரசாங்கத்தின் கை வந்த வகை வேறு. பிரான்சு நாட்டில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்து ஆசிரியரைப் பாதிரியாரின் மேற்பார்வைக்கு உட்படுத்தியிருந்தது. பின்னர்க் காற்று மாறியது. 1881ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1882ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. பாடத்திட்டத்திலிருந்து சமயபோதனையும் நீங்கியது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் துறவியரல்லாதாரே ஆசிரியராக இருக்கவேண்டும் என்றது. 1889ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆசிரியரின் சம்பளத்தை அரசே நேரே கொடுக்கச் செய்தது. மற்றச் சட்டங்களைப் பாராட்டுவோர் இந்தக் கடைசிச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் பாதிரியாரிடமிருந்தும் ஊராட்சித் தலைவரிடமிருந்தும் பிரிந்த பின்னரே, பொதுப்பள்ளி என்னும் சொல் முழுப் பொருள் பெற்றது.

தாய்நாட்டுச் சட்டங்கள் யாவும் அப்படியே கடல் கடந்து வந்துவிடவில்லை. வந்தவையும் முழு வலிமையோடு வரவில்லை. எனினும் அவற்றின் சாயல் இங்கும் படிந்தது. 1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் பிறந்த ஆணையால் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்னும் கொம்யூன்கள் அமைந்தன. மேயரும் உறுப்பினரும் தோன்றினர். கொம்யூன் அலுவலகம் ஒன்று, பள்ளி ஒன்று, அரசாங்கச் சம்பளம் பெறும் உபாத்தியாயர் ஒருவர் என்னும் புதிய காட்சி சிற்றூர்களில் தோன்றலாயிற்று. ‘சர்க்கார் வாத்தியார்’ என்னும் சொல்லில் ஒரு மதிப்பு ஏறியது.

அந்தச் சர்க்கார் வாத்தியார்களுள் ஒருவரை உலகம் அறியும். கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் 1909ஆம் ஆண்டில், தம் 18ஆம் வயதில், காரைக்கால் பகுதியைச் சேர்ந்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அவரே பாரதிதாசன். 1946ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை 37 ஆண்டுகள் அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். வில்லியனூரை அடுத்த திருபுவனையில் அவர் பணியாற்றிய காலத்தில், அரசுக்கு எதிராகச் செயற்பட்டார் என்று குற்றம் சாட்டிச் சிறையிலிட்டார்கள். குற்றம் இல்லை என்று தெரிந்து விடுதலை செய்தபோது வேலை போயிருந்தது. அவர் சும்மா இருந்துவிடவில்லை. வழக்காடினார்; மீண்டும் பணியில் அமர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. இளமையில் மயிலம் முருகன்மீது துதியமுது பாடியவர் அவர். பிற்காலத்தில் பகுத்தறிவைப் பாடியவரும் அவரே. முருகனைப் பாடியதற்காகவும் அவருக்கு வேலை போகவில்லை. மூடநம்பிக்கையைச் சாடியதற்காகவும் வேலை போகவில்லை. ஒரு சமயத்தாரின் நிருவாகத்தில் அவர் இருந்திருந்தால், இந்த இரண்டில் ஒன்றையேனும் அவர் நெஞ்சோடு புதைக்க வேண்டியிருந்திருக்கும் அல்லவா?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாரதிதாசன் தனியாகவே வழக்காடினார். அவரிடம் துணிவும் சொல்வன்மையும் இருந்தன. துணிவில்லாத எளிய ஆசிரியர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடையாகத்தான் ஆசிரியர் சங்கங்கள் உலகில் தோன்றின.

பிரான்சிலும் அவை எளிதில் தோன்றவில்லை. 1884ஆம் ஆண்டில் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்டம் இடம் தந்தபோது, அரசு ஆசிரியர்களுக்கு அவ்வுரிமை இல்லை என்றார்கள். அவர்கள் நட்புக் கழகம் என்னும் பெயரில் கூடினார்கள். 1912ஆம் ஆண்டில் ஆசிரியர் சங்கங்களைக் கலைக்குமாறு அரசு ஆணையிட்டது. 1920ஆம் ஆண்டில் தேசிய ஆசிரியர் சங்கம் அமைந்தது. 1924ஆம் ஆண்டில் அரசு அதனோடு பேச இசைந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அரசு ஊழியரின் சங்க உரிமை ஐயமின்றி நிலைபெற்றது. நம் புதுவையிலும் சங்க உரிமைக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 1936ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. அவ்வாலைகளுக்கு நம் கொம்யூன்களிலிருந்து நடந்து சென்ற தொழிலாளர் பலர். அவர்களுடைய பிள்ளைகளும் கிராமப் பள்ளியில்தான் படித்தார்கள்.

இனி, என் குடும்பத்தில் நான் அறிந்த இருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். ஒருவர் என் தந்தையார். மற்றவர் என் தாய்மாமன். இருவரும் ஆசிரியர்கள். தந்தையார் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளியில் இருந்தார். மாமா எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பகுதியில், சமய நிருவாகம் நடத்திய பள்ளி ஒன்றில் இருந்தார். இரண்டு ஊருக்கும் இடையே ஒரு வாய்க்காலும் சிறிது வயலுமே இருந்தன. ஆயினும் அவ்விருவருடைய வாழ்வும் இருவேறு நாட்டவருடைய வாழ்வைப் போல இருந்தன.

மாமா ஒரு தொகைக்குக் கையெழுத்திடுவார். வாங்குவது வேறொரு தொகை. மிச்சம் ‘நன்கொடை’ என்று எழுதப்படும். சித்திரை பிறந்தால் அவருக்கு வேலை இல்லை; பள்ளி திறக்கும்போது மீண்டும் நியமன ஓலை வரும். விடுமுறைச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்குச் செய்த ஏற்பாடு அது. இவ்வாறு அவர் ஒரே பள்ளியில் ஒன்பது முறை ‘புதிதாக’ வேலைக்குச் சேர்ந்தார். ஆனாலும் மாமா அப்பள்ளியை வெறுத்தவர் அல்லர். “சேரிப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது இந்தப் பள்ளிதானே மாப்பிள்ளை!” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கதவு திறந்ததே தவிர, வகுப்பில் அப்பிள்ளைகள் பின்வரிசையில் தனியே அமர்ந்தார்கள். பள்ளிக்குப் பொருளுதவி செய்த குடும்பங்கள் அப்படித்தான் விரும்பின. அவ்வரிசையை மாற்ற வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். ஆனால் சித்திரை நினைவுக்கு வரும்; வாய் மூடிக்கொள்வார்.

ஒரு நாள் மாலை, சைக்கிளில் ஒருவர் வந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் சங்கத்துக்கு உறுப்பினர் சேர்ப்பவர் அவர். மாமா சந்தாவைக் கொடுத்து ரசீதை வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் மறைத்து வைத்தார். அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. சில ஆண்டுகள் மனுக்களும் ஊர்வலங்களும் நடந்தன. மெல்ல மெல்ல நிலைமை மாறியது. கையெழுத்திட்ட தொகையே கைக்கு வந்தது. விடுமுறைக்கும் சம்பளம் வந்தது. விசாரணையின்றி நீக்க இயலாது என்ற நிலை வந்தது. அவ்வாண்டு பள்ளி திறந்த முதல் நாளில் மாமா என்ன செய்தார் தெரியுமா? பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் எழுதி, அந்த வரிசைப்படியே பிள்ளைகளை உட்கார வைத்தார். பின்வரிசை மறைந்தது. முறையீடு வந்தது, மாமா அசையவில்லை. பள்ளியின் பலகை மாறவில்லை, நிருவாகம் மாறவில்லை, காலை வழிபாடும் மாறவில்லை. எனினும் அன்றுதான் அது பொதுப்பள்ளி ஆயிற்று என்று நான் கருதுகிறேன்.

அரசுப் பள்ளியில் இருந்த என் தந்தையாருக்கு எல்லாம் இனிதாயிருந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். அவர் பள்ளியிலும் பின்வரிசை இருந்தது. அவர் அதைக் கலைத்தபோது ஊரின் செல்வாக்குடையவர்கள் சினந்தார்கள். அவருக்குக் கிடைத்த பரிசு மாற்றல் ஓலை. மாட்டு வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு ஊர் சென்றோம். ஆனால் வேலை போகவில்லை; அடுப்பு அணையவில்லை. புதிய ஊரிலும் அவர் முதல் நாளே பின்வரிசையைக் கலைத்தார். சர்க்கார் என்று பலகையில் எழுதிவிட்டதனால் மட்டும் ஒரு பள்ளி எல்லாருக்கும் உரியதாகிவிடாது. அப்படி ஆக்குவதற்கு அஞ்சாத ஆசிரியர் வேண்டும்.

இவை இருவர் கதை மட்டும் அல்ல. புதுவையின் ஒரு பகுதியான மாகேயைச் சுற்றிலும் கிடக்கும் கேரள நாட்டில் இதுவே பெரிய அரசியல் புயலாயிற்று. அங்கும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டு வேறு தொகையை வாங்கினர். ஆசிரியர் சங்கங்கள் பல்லாண்டு போராடின. 1957ஆம் ஆண்டில் அமைந்த நம்பூதிரிபாடு அமைச்சரவையில் கல்வி அமைச்சராயிருந்தவர் ஜோசப் முண்டசேரி. அவரே ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நிருவாகம் இன்னதென்று அறிந்தவர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதா, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தரும் என்றது. அரசுத் தேர்வாணையம் தேர்ந்த பட்டியலிலிருந்தே ஆசிரியர்களை நியமிக்கவேண்டும் என்றது. சீர்கெட்ட பள்ளியை அரசு மேற்கொள்ளலாம் என்றது.

திருச்சபையும் நாயர் சமூகச் சங்கமும் பிற நிருவாகத்தாரும் எதிர்த்து எழுந்தனர். எங்கள் பொருளால் எழுந்த பள்ளியில் எங்கள் விருப்பப்படி ஆசிரியரை நியமிக்கும் உரிமையும் இல்லையா என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவே தருகிறது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958ஆம் ஆண்டு மே மாதம் நீதிமன்றம் தன் கருத்தைத் தந்தது. நடத்தும் உரிமை உண்டு. ஆனால் சீர்கேடாக நடத்தும் உரிமை என்று ஒன்று இல்லை என்பது அதன் சாரம். மசோதா திருத்தங்களோடு சட்டமாகி, 1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே கிளர்ச்சி மூண்டது. ஜூலை 31ஆம் நாள் அமைச்சரவையே நீக்கப்பட்டது.

அமைச்சரவை போயிற்று, ஆசிரியர் பெற்றது போகவில்லை. நியமனத்தைக் கட்டுப்படுத்திய பிரிவு பின்னர்த் தளர்ந்தது. ஆனால் அரசின் நேர்ச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் நிலைத்தன. இதில் ஒரு கசப்பும் உண்டு. நியமிப்பவர் நிருவாகி, சம்பளம் தருவது அரசு என்று ஆனபோது, வேலைக்குப் பணம் கேட்கிறார்கள் என்னும் முறையீடு எழலாயிற்று. ஒரு கதவை அடைத்தால் மற்றொரு கதவு திறந்துகொள்கிறது.

கடலுக்கு அப்பால் ஈழத்தில் வேறொரு வழியைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் பள்ளிகள் செழித்திருந்தன. மிஷன் பள்ளியில் பணியாற்றிய ஆறுமுக நாவலர் அதினின்று விலகி, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை நிறுவினார். வீடுதோறும் பிடியரிசி சேர்த்து அவர் கல்வியை வளர்த்தார். கிறிஸ்தவப் பள்ளியும் சைவப் பள்ளியும் போட்டியிட்டு வளர்ந்தன. அப்போட்டியால் யாழ்ப்பாணம் எழுத்தறிவில் உயர்ந்தது. 1945ஆம் ஆண்டில் இலங்கை இலவசக் கல்வியை ஏற்றது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசின் உதவி பெற்ற பள்ளிகளில் மிகப் பலவற்றை அரசே எடுத்துக்கொண்டது. சில பள்ளிகள் உதவியைத் துறந்து தனித்து நின்றன. பள்ளியையே எடுத்துக்கொள்வது ஒரு வழி. பள்ளியை விட்டுவிட்டு ஆசிரியரைக் காப்பது மற்றொரு வழி. முன்னது ஈழம் சென்ற வழி. பின்னது கேரளத்தில் நிலைத்த வழி.

தமிழ்நாட்டிலும் தனியார் பள்ளிகளை முறைப்படுத்தும் சட்டம் 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் சில பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்று நெடுங்காலம் வழக்குகள் நடந்தன. புதுவையின் கதையோ தனி. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூருக்கு அருகிலுள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. அந்நாட்களில் என் தந்தையார் இரவில் உறங்கவில்லை என்று தாயார் சொல்வதுண்டு. விடுதலையை விரும்பியவர்தாம் அவர். ஆனால் பிரெஞ்சுக்காரன் போனால் பிரெஞ்சுச் சர்க்கார் வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவார்? அரசு ஊழியர்களைப் பழைய நிபந்தனைகளோடே ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று நண்பர் ஒருவர் வந்து சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்ததாம். அடுத்த நாள் பள்ளியில் மூவர்ணக் கொடியை அவரே ஏற்றினார். 1987ஆம் ஆண்டில் புதுவைக்கென்றே பள்ளிக் கல்விச் சட்டமும் வந்தது.

இதுவரை சங்கத்தின் நன்மையையே பேசினேன். குறையையும் சொல்லாமல் விட்டால் ஆசிரியனாக இருந்த எனக்கு அது அழகன்று. பாதுகாப்புக் கிடைத்த பிறகு, அது எதற்காகக் கிடைத்தது என்பதை மறந்தவர்கள் உண்டு. மணி அடித்த பிறகு வருவோரும், மணி அடிக்குமுன் போவோரும், நகரத்துக்கு மாற்றல் கேட்டு அலுவலக வாயிலில் நிற்போரும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஊதிய உயர்வுக்கு ஊர்வலம் போன சங்கம், சிற்றூர்ப் பள்ளியில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்தபோது வாய் திறக்காமல் இருந்ததும் உண்டு. அப்போது ஊரார் என்ன செய்வார்கள்? கட்டணம் கட்டியாவது வேறு பள்ளியைத் தேடுகிறார்கள். இவ்வாறு அரசும் அல்லாமல், சமயமும் அல்லாமல், வாணிகமாகவே நடக்கும் மூன்றாம் வகைப் பள்ளிகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் இன்று பணியாற்றும் இளம் ஆசிரியைகளின் நிலையைக் கேட்டால், என் மாமாவின் பழைய கதையே மீண்டும் கேட்கிறது. அவர்களைத் தேடிச் சைக்கிளில் வருவார் யாரும் இல்லை.

மாணவ நண்பர்களே, மூன்று ஊர் நிலத்தை வித்தைக்கு விட்ட பாகூரில் கொடை இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இல்லை. பாதிரிமார் பள்ளியில் இடம் இருந்தது. ஆசிரியருக்கு உரிமை இல்லை. சர்க்கார் பள்ளியில் உரிமை வந்தது. அதனைப் பிள்ளைகளின் பொருட்டுப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள், பயன்படுத்தாதவர்களும் இருந்தார்கள். ஆகவே, ஒரு பள்ளியைக் காணும்போது பலகையைப் படித்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அங்குள்ள ஆசிரியர் தம் மனச்சான்றின்படி நடந்தால் அவர் வேலை நிலைக்குமா என்று கேளுங்கள். நிலைக்கும் என்றால், அவர் மனச்சான்றின்படி நடக்கிறாரா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் பள்ளி, அதை நடத்துபவர் யாராயினும், உங்களுடைய பள்ளி.

என் மாமா காலமான பின்னர் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒன்பது நியமன ஓலைகளும் ஒரு பழைய பஞ்சாங்கமும் இருந்தன. பஞ்சாங்கத்தின் நடுவே அந்த முதற் சந்தா ரசீது மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் அடியில், அகர வரிசையில் எழுதிய அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார்.